வளையத்து அளவு

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் எவ்வளவு ஊற்றுவது என்பதற்குப் புத்தகத்தில் தெளிவான வழி சொல்லியிருக்கிறது. வண்டியை மட்டமான தரையில் நிறுத்து. இன்ஜினை ஓடவிடு. ஆயில் நாற்பது டிகிரிக்குச் சூடானதும் பக்கத்துத் திருகைக் கழற்று. மிஞ்சியது வழிந்துவிடும். வழிவது நின்று சொட்ட ஆரம்பித்ததும் மூடிவிடு. கியர்பாக்ஸைச் செய்தவனே சொல்லிவிட்டான், இதில் நாம் மூக்கை நுழைக்க என்ன இருக்கிறது?

ஆனால் எங்கள் ஊரில் யாரும் அந்த இடத்தோடு நிறுத்துவதில்லை. இன்னும் அரை லிட்டர் ஊற்றுவோம். அதற்கு வளையத்து அளவு என்று பெயர். ஐஃபல் மலைக்காட்டுக்குள் இருபது கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடும் பந்தயப் பாதைதான் எங்களுக்கு வளையம். அங்கே நீளமான வளைவுகளில் வேகமாகத் திரும்பும்போது கியர்பாக்ஸில் இருக்கும் ஆயில் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்பு ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். உள்ளே இருக்கிற கிளட்ச் தட்டுகள் கருகும். அதனால் ஆயில் கொஞ்சம் கூட இருக்கட்டும் என்று யாரோ ஒருவர் எப்போதோ தொடங்கிவைத்தார். நான் இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் இங்கே பட்டறை போட்டபோதே அது ஊர் வழக்கமாக இருந்தது.

கூடுதலாக ஊற்றினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடையும். நுரைக்கும். நுரை சூடானால் வெளியே போக வழி தேடும். கியர்பாக்ஸின் தலையில் மூச்சு விடுவதற்கென்று ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. பால் பொங்குவது மாதிரி அது வழியாகப் பொங்கும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது ஆயிலுக்கும் பொருந்தும். தெரிந்துதான் ஊற்றினேன். ஊரோடு ஒத்து வாழ்கிறவள் அல்லவா நான்.

ஏகோன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். நாற்பது வருடம் ரொட்டி சுட்டுவிட்டு, அடுமனையை மகளிடம் ஒப்படைத்த மறுநாளே கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய வண்டி வாங்கினான். அதன் வேகம் போதாது என்று யாரிடமோ கொடுத்து இன்ஜின் சக்தியை ஏற்றிக்கொண்டான். ஆனால் கியர்பாக்ஸ் பழைய சக்திக்குச் செய்தது. இன்ஜின் தள்ளுகிற வேகத்தைத் தாங்காமல் கிளட்ச் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் சூடு, சூடேறினால் இன்னும் வழுக்கல். மூன்று வருடத்தில் இரண்டு கியர்பாக்ஸ் தின்றான். இரண்டாவதைத் திறந்து கிளட்ச் தட்டை அவன் கையில் கொடுத்தேன். கரியாக இருந்தது. உன் ரொட்டிகூட இப்படிக் கருகினது கிடையாதே என்று கேட்டேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

மூன்றாவது முறை எல்லாம் புதிதாகப் போட்டேன். பெரிய ஆயில் கூலர் வைத்தேன். வளையத்து அளவு ஊற்றினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியையும் செருகி வைத்தேன். கியர்பாக்ஸ் ஆயிலின் சூடு எத்தனை டிகிரி என்று அது என் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு நிபந்தனையும் போட்டேன். ஒரு சுற்று ஓட்டினால் வெளியே வந்துவிட வேண்டும், பக்கத்துக் கிராமம் வரை சாதா ரோட்டில் மெதுவாகப் போய்ச் சூட்டை இறக்கிவிட்டுத்தான் அடுத்த சுற்று. சரி சரி என்றான்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஆகஸ்ட், ஒரு புதன்கிழமை. அந்த வருடம் எங்கள் மலையில்கூட முப்பத்துநான்கு டிகிரி வெயில். அன்று மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை வளையம் பொதுமக்களுக்குத் திறந்திருந்தது. நுழைவு அட்டை வைத்திருக்கிற யாரும் தன் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். மோட்டார் சைக்கிள்களையும் அப்போது உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏகோனின் பெண்டாட்டியின் அண்ணன் கொர்பீனியான் பவேரியாவிலிருந்து விருந்துக்கு வந்திருந்தான். ஆள் நூற்றிருபது கிலோ, வாய் அதற்கு மேல். வளையத்துக்குப் போகிற வழியில் இருவரும் என் பட்டறையில் நின்றார்கள். கொர்பீனியான் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"கிளட்ச் மிதிகூட இல்லாத வண்டி எல்லாம் ஒரு வண்டியா மச்சான்? இது பென்ஷன்காரங்க உக்காந்து டிவி பாக்குற சோபா."

 ஏகோனின் காது சிவந்ததை நான் பார்த்தேன். ஒரு சுற்றுதான், நினைவிருக்கட்டும் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனான். சார்ஜ் தீர்ந்திருந்த தன் போனை என் வேலை மேஜையில் செருகி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

என் கணவன் வோல்க்மார் அவர்கள் போன பிறகு, ஆறு மணிக்குக் கிளம்பினான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். அந்த மாதம் விடுமுறை. இரண்டு சிலிண்டர் வைத்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறான், அதன் சத்தம் மரப்பாலத்தில் குதிரை ஓடுவது மாதிரி இருக்கும். "ஒரே ஒரு சுத்து, அடை ஆறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் உருளைக்கிழங்கைத் துருவ உட்கார்ந்தேன். எங்கள் வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இருக்கிறது. வளையம் எங்கள் கிராமத்தைப் பாலத்தில் தாண்டிப் போகும், அந்தப் பாலம் என் சமையலறை ஜன்னலிலிருந்து எண்பது அடிதான்.

உப்பு ஜாடியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அடை சுட்டேன். முதல் சுற்று முடிவில் நூற்றுப் பதினைந்து. மோசமில்லை. இனி இறங்கும் என்று அடுத்த அடையை ஊற்றினேன். இறங்கவில்லை. நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபது என்று ஏறியது. எனக்குப் புரிந்துவிட்டது. வெளியே வந்தவன் ரோட்டுக்குப் போகாமல் மறுபடி உள்ளே போகிற வரிசையில் நிற்கிறான். நிற்கிற வண்டிக்குக் காற்று ஏது? கூலர் எத்தனை பெரிதாக இருந்து என்ன? இரண்டாவது சுற்று முடிவில் நூற்று இருபத்தேழு. மறுபடி வரிசை. நூற்று முப்பது. மூன்றாவது சுற்றுக்குள் போய்விட்டான்.

அவன் போனுக்கு அடித்தேன். என் பட்டறையிலேயே மணி ஒலித்தது.

மேஜைக்கு ஓடிப்போய் அந்தப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். திரையில் என் பெயரே மின்னிக்கொண்டிருந்தது. இந்தக் கையில் அவன் சூடு, அந்தக் கையில் அவன் போன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைச் சுவரில் அடித்திருப்பேன். அடித்து என்ன பயன்? காட்டுக்குள் சிக்னல் போய்விட்டது, எண் அப்படியே நின்றது. திரும்பி வந்தபோது நூற்று முப்பத்தைந்து. இன்னும் பாலத்துக்கே வரவில்லை. பாலத்துக்கு அப்பால்தான் பெரிய ஏற்றம் இருக்கிறது. சின்னக் கொப்பரை என்போம் அதை. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே ஏற வேண்டும். எந்த கியர்பாக்ஸும் அங்கேதான் கொதிக்கும்.

வளையத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அடித்தேன். குண்டுலா எடுத்தாள். நாங்கள் ஒரே தேவாலயப் பாட்டுக் குழுவில் பாடுகிறவர்கள்.

"ரோஸ்வித்தா பேசுறேன். ஏகோன் உள்ள இருக்கான், கறுப்பு வண்டி. ஆயில் சிந்துவான் போலிருக்கு."

"சிந்திட்டானா, சிந்துவானா?"

"சிந்துவான். கியர்பாக்ஸ் நூத்தி முப்பத்தஞ்சு டிகிரி. என் போன்ல தெரியுது."

"வெயில்ல இன்னிக்கு எல்லா வண்டியுந்தான் கொதிக்குது. சிந்தும்னு எப்படிச் சொல்ற?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அரை லிட்டர் அதிகமாக ஊற்றியிருக்கிறேன், அதனால் சிந்தும். அந்த அறைக்கு வருகிற ஒவ்வொரு அழைப்பும் பதிவாகும் என்று எனக்குத் தெரியும். பட்டறை வாசலில் தொங்குகிற பலகையில் இருப்பது என் பெயர். "ஏதோ தோணுது, அவ்வளவுதான்" என்றேன்.

ஏற்றத்தில் நிற்கிற கொடிக்காரர்களிடம் கறுப்பு வண்டியைக் கவனிக்கச் சொல்கிறேன் என்றாள். அவள் செய்தது சரி. யாரோ ஒருத்திக்குத் தோணுகிறது என்பதற்காக, நூறு வண்டி ஓடுகிற பாதையை எப்படி நிறுத்துவாள்?

பாதையோரத்து வேலியை நோக்கி ஓடினேன். பாலத்தைத் தாண்டியதும் வண்டிகள் வேகம் குறைத்து மேட்டில் திரும்பும் இடம் அது. மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். போகிற வண்டிக்கெல்லாம் கையாட்டுவார்கள், ஓட்டுகிறவர்களும் கையாட்டுவார்கள். அது இங்கே மரியாதை. ஏகோனின் வண்டி பாலத்தின் மேல் வருவது தெரிந்தது. கம்பி வேலியில் ஏறி நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக வீசினேன். நிறுத்து, நிறுத்து என்று கத்தினேன். ஒரு கையில் போன், மறு கையில் அடை திருப்புகிற கரண்டி, அதை எப்போது எடுத்தேன் என்றே தெரியவில்லை.

ஏகோன் சிரித்துக்கொண்டே கையாட்டினான். கொர்பீனியான் ஜன்னல் வழியாகக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். பக்கத்து நாற்காலியில் இருந்த குழந்தை ஒன்றும் என்னைப் பார்த்துக் கையாட்டியது. வண்டி மேட்டில் ஏறி மறைந்தது. பின்னால் தீய்ந்த வாசனை வந்தது. அந்த வாசனை எனக்கு என் வீட்டு வாசனை மாதிரி, இருபத்தாறு வருடமாகத் தெரியும்.

கீழே இறங்கிப் பாலத்தின் அடியில் நடந்து வந்தேன். அப்போது தலைக்கு மேல் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. இரண்டு சிலிண்டர். மரப்பாலத்தில் குதிரை.

மறுபடி கட்டுப்பாட்டு அறைக்கு அடித்தேன். எந்த வார்த்தைக்காக நாக்கு ஒட்டிக்கொண்டிருந்ததோ அந்த வார்த்தை இப்போது தானாக வந்தது. குண்டுலா எடுத்ததும் சொல்லிவிட்டேன்.

"அரை லிட்டர் அதிகமா ஊத்தியிருக்கேன். நான்தான் ஊத்தினேன். பொங்கும், குண்டுலா, கண்டிப்பா பொங்கும். பின்னாடியே வோல்க்மார் போறான். எல்லாரையும் நிறுத்து."

அவள் ஒன்றுமே கேட்கவில்லை. "போடுறேன்" என்றாள். அரை நிமிடத்தில் பாலத்தின் மேல், வண்டிகளை மெதுவாக்கச் சொல்லும் மஞ்சள் விளக்குகள் மின்ன ஆரம்பித்தன. வளையம் முழுக்க மின்னியிருக்கும்.

அந்த இரண்டு அழைப்புகளும் இன்னும் என் போனில் இருக்கின்றன. முதலாவது ஆறு ஐம்பத்திரண்டு. இரண்டாவது ஆறு ஐம்பத்து மூன்று.

பிறகு நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. சமையலறைப் படியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்று நாற்பத்தொன்று. நூற்று நாற்பத்து மூன்று. வேறு யாருடைய கியர்பாக்ஸாவது இருந்தால் பார்த்து ரசித்திருப்பேன், என் தொழில் அது. வோல்க்மாருக்கு அடித்தேன். ஹெல்மெட்டுக்குள் இருக்கிறவனுக்கு எங்கே கேட்கும்? தெரிந்தும் பதினொரு தடவை அடித்தேன். ஏற்றத்தின் பக்கமிருந்து சைரன் கேட்டது. அது நின்றதும் காட்டுக்கு மேலே ஹெலிகாப்டர் வந்தது. மஞ்சள் ஹெலிகாப்டர். இங்கே பிறந்தவர்களுக்கு அதன் சத்தத்தில் ஒரு கணக்கு உண்டு. வட்டமிட்டுத் திரும்பினால் சின்னக் காயம். இறங்கி இன்ஜினை அணைத்தால் பெரிய காயம். அது இறங்கியது. சத்தம் அடங்கியது. வெகுநேரம் அடங்கியே இருந்தது. வாணலியில் கடைசி அடை கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது. எழுந்துபோய் அடுப்பை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நான் கடவுளிடம் எதையும் கேட்கிற பழக்கம் இல்லாதவள். அன்று கேட்டேன். யாராக இருந்தாலும் பரவாயில்லை, அவனாக இருக்க வேண்டாம் என்று கேட்டேன். இதே வார்த்தைகளில்தான் கேட்டேன்.

இருபது நிமிடம் கழித்துத் தெருப் பக்கமிருந்து வோல்க்மார் வந்தான். வளையத்துப் பக்கமிருந்து இல்லை, சாதா ரோட்டிலிருந்து. மீசையில் கடுகு ஒட்டியிருந்தது. வரிசை நீளமாக இருந்ததாம், நின்று நின்று பசித்துவிட்டதாம், வாகன நிறுத்தத்தில் சாசேஜ் தின்றுகொண்டிருந்தானாம். உள்ளேயே போகவில்லை. போனை மோட்டார் சைக்கிள் பையில் வைத்திருந்தானாம். நான் அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன்.

"ஏய், என்னடி ஆச்சு? சாசேஜ் தின்னதுக்கா இவ்ளோ?" என்று கேட்டான்.

அப்போது குண்டுலா கூப்பிட்டாள். ஏற்றத்தில் விழுந்தது வோல்க்மார் இல்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள். யாரோ டச்சுக்காரர், வோல்க்மாரிடம் இருப்பது போலவே ஒரு பழைய மோட்டார் சைக்கிள். "அப்பாடா, நல்ல வேளை" என்றேன். வாய் தவறி இல்லை. மனசார, சந்தோஷமாகச் சொன்னேன்.  போனை வைத்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

அவர் பெயர் ஷூர்ட். நாற்பத்தெட்டு வயது, வீடுகளுக்கு நாணல் கூரை வேய்கிறவர். உயிருக்கு ஆபத்தில்லை. முதுகுத்தண்டு உடைந்துவிட்டது.

ஏகோனின் வண்டியைத் தூக்கு வண்டியில் ஏற்றி என் பட்டறைக்கே கொண்டுவந்து இறக்கினார்கள். டச்சுக்காரரின் மோட்டார் சைக்கிளையும் அதே முற்றத்தில் போட்டார்கள், வேறு இடம் இல்லை. ஏகோன் சுவரோரம் நின்றான். முகம் வெள்ளை மாவு பூசின மாதிரி இருந்தது. கொர்பீனியான் இந்த முறை வண்டியைச் சுற்றி வரவில்லை, தள்ளி வாசலில் நின்றான். எங்கள் வளையத்தில் ஒரு சட்டம் உண்டு, சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆயில் வாசனை வந்தால் அந்த இடத்திலேயே வலப்பக்கப் புல்லில் ஏற்றி நிறுத்து, வீடுவரை கொண்டுபோகப் பார்க்காதே. ஏகோன் வாசனை வந்த பிறகும் ஒரு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறான். ஒவ்வொருவரிடமும் அவனே போய், நிறுத்தாதது என் தப்பு, என் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் டச்சுக்காரர் வழுக்கியது ஆயில் சிந்தத் தொடங்கிய முதல் வளைவிலேயே. அங்கே ஆயில் விழுந்தபோது ஏகோனுக்கு வாசனையே வந்திருக்காது.

நான் போலீஸ்காரர் ஃப்ரீட்ஹெல்மிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தில் போட்ட அளவு இவ்வளவு, நான் ஊற்றியது இவ்வளவு, பொங்கியதற்குக் காரணம் நான். அவர் பேனாவைத் திறந்தார். மூடினார்.

"ரோஸ்வித்தா, என் வண்டிக்கும் நீதானே ஊத்தின? எதிர்க்கடைக்காரன் ஊத்தலையா? ஊரே ஊத்துது. இதுல எதைன்னு நான் எழுதுறது?"

எழுதினால் என்ன என்று சண்டை பிடித்தேன். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன, எழுதுங்கள் என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, ஓட்டுநர் உடனே நிறுத்தத் தவறினார் என்று எழுதிக்கொண்டு போனார். வோல்க்மாரிடம் சொன்னேன். நீ சொன்னதால்தான் விளக்கே போட்டார்கள், இல்லாவிட்டால் இன்னும் நாலு பேர் விழுந்திருப்பார்கள் என்றான். பாட்டுக் குழுவில் எல்லோரும் அதையே சொன்னார்கள். பாதிரியார்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். குற்றத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஊர் முழுக்க அலைந்தேன், இறக்கி வைக்க ஒரு திண்டு கிடைக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து புத்தக அளவோடு நிறுத்தினேன். சொட்ட ஆரம்பித்ததும் திருகை மூடினேன். முதலாவதாக வந்தவர் வளையத்து அளவு ஊற்றச் சொன்னார். மாட்டேன் என்றேன், காரணமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய் அரை லிட்டர் ஊற்றிக்கொண்டு, எனக்குக் கையாட்டிவிட்டுப் போனார்.

செப்டம்பர் பாதியில் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு பெண் முற்றத்தில் வந்து நின்றாள். உயரமாக, மெலிந்து, ஒரு துணிப்பையை அணைத்துக்கொண்டு இருந்தாள். ஷூர்டின் மனைவி டீனெகே. மோட்டார் சைக்கிளை எடுத்துப் போக ஆள் மத்தியானம் வருவான், அதுவரை இங்கே இருக்கலாமா என்று கேட்டாள். எல்லைப் பக்கத்துக்காரி, எங்கள் மொழி நன்றாகப் பேசினாள். காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்தாள். சாம்பல் நிறம். இடது கை முழுக்கச் செம்பழுப்புக் கறை.

"ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. வீட்டுல துவைக்க மனசு வரல, அவரோட ரத்தமாச்சேன்னு. ஆனா அவர் வீட்டுக்கு வர்றப்ப இப்படியே இருக்கவும் கூடாது. இங்க கொஞ்சம் பச்சத் தண்ணி கிடைக்குமா?"

ஜாக்கெட் என் மூக்குக்குப் பக்கத்தில் வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஊற்றுகிற ஆயில் சிவப்பு. கொதித்தால் இந்த நிறத்துக்கு வரும். ஐந்து வாரமாக இந்தப் பெண் அதைத்தான் நெஞ்சில் அணைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள்.

"இது ரத்தம் இல்லைங்க" என்றேன். "ஆயில். கியர்பாக்ஸ் ஆயில்."

அவள் ஜாக்கெட்டை முகர்ந்து பார்த்தாள். மெல்ல மடியில் வைத்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். அந்த வண்டிக்கு ஆயில் ஊற்றியது நான். ஊற்ற வேண்டிய அளவு எனக்குத் தெரியும். அதற்கு மேல் அரை லிட்டர் ஊற்றினேன், இங்கே அது வழக்கம். சூட்டில் பொங்கியது அந்த ஆயில்தான். அது இல்லாவிட்டால் உங்கள் கணவர் விழுந்திருக்க மாட்டார்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முற்றத்தில் கிடந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தாள்.

"அரை லிட்டர்னா எவ்வளவு இருக்கும்?"

ஆணியில் தொங்கிய அளவுக் குவளையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பாதிக்குப் போட்டிருந்த கோட்டை விரலால் காட்டினேன். அவள் குவளையைக் கையில் எடுத்தாள். அந்தக் கோட்டின் மேல் தன் கட்டை விரலை வைத்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

"இவ்வளவுதானா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

குவளையை என்னிடம் கொடுக்கவில்லை, அவளே எழுந்து போய் ஆணியில் மாட்டினாள். பிறகு, ஒரு விஷயம் கேட்கலாமா என்றாள். விளக்கு போடச் சொல்லி போன் செய்தது நான்தான் என்று போலீஸ்காரர் சொன்னாராம். அதற்கு ஷூர்ட் நன்றி சொல்லச் சொன்னாராம். விளக்கு அவர் விழுந்த பிறகுதான் எரிந்தது, ஆனால் பின்னால் வந்தவர்கள் அவர் மேல் ஏற்றாமல் போனது அதனால்தான் என்று அவர் படுத்தபடியே சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

"ஒரு நிமிஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா அவரும் தப்பிச்சிருப்பார்" என்றாள் டீனெகே. "ஆனா உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்ச உடனே சொல்லிட்டீங்கல்ல."

தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். ஆயில் கறை பச்சைத் தண்ணீருக்குப் போகாது, வெந்நீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் வேண்டும் என்று சொன்னேன். இருவருமாக அந்தக் கையைத் தேய்த்தோம். மூன்றாவது தண்ணீருக்கு வெளுத்தது. என் போன் பின்பையில் இருந்தது, ஆறு ஐம்பத்திரண்டும் ஆறு ஐம்பத்து மூன்றும் அதில் இருந்தன. அரை லிட்டரை அவளிடம் சொல்லிவிட்டேன். ஒரு நிமிடத்தைச் சொல்லவில்லை.